ஆறாவது கேள்வி

தமிழோ தம்பி? நான் நினைச்சனான். போனிலை கதைச்சதைக் கேட்டன். ஒட்டுக்கேக்கேல்லை, நீங்கள்தான் அவ்வளவு சத்தமாய்க் கதைச்சனீங்கள். மதுரைப் பக்கமோ? நல்லது. பையை மேலை வையுங்கோ, இந்தச் சீற்றிலை ஒருத்தரும் இல்லை, வடிவா இருங்கோ. நான் சிவநேசன். வவுனியா. எங்கடை தமிழ் விளங்குதுதானே? விளங்காட்டில் மறிச்சுக் கேளுங்கோ. பஸ் போர்ட் ஹேலன் போய்ச் சேர இன்னும் கனநேரம் கிடக்கு.

உங்களிட்டை ஒரு ஞாயம் கேக்கவேணும். உங்களுக்கு என்னையும் தெரியாது, மற்றவையையும் தெரியாது. அப்பிடி ஒரு ஆளைத்தான் நானும் இவ்வளவு நாளாய்த் தேடுறன்.

தலையிலை அடிபட்டு விழுந்த ஒரு விளையாட்டுக்காரனை, இண்டைக்கு விளையாடினது காணும் எண்டு வெளியிலை கூட்டிக்கொண்டு வாறது பிழையோ? பிழை இல்லைத்தானே. ஆ! அதைத்தான் நானும் சொல்லுறன். ஆனால் மில்பரா எண்ட ஊரிலை போய் என்ரை பேரைச் சொல்லிப் பாருங்கோ. பெற்றோல் அடிக்கிற இடத்திலை எனக்கு ஒருத்தரும் முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. தலைமயிர் வெட்டுறவன் கத்தரிக்கோலை எடுத்துப்போட்டு, 'இண்டைக்கு நேரம் இல்லை' எண்டவன். கடையிலை வேறை ஆளே இல்லை, தம்பி. நானும் அவனும்தான்.

ரக்பி லீக் பாத்திருக்கிறீங்களோ? இல்லையோ. உங்கடை கபடியை யோசியுங்கோ, கிட்டத்தட்ட அதுதான். ஒரு பக்கத்துக்குப் பதின்மூண்டு பேர். பந்தை நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு எதிராளியளுக்குள்ளை ஓடவேணும். அவங்கள் ரெண்டு மூண்டு பேராய்ப் பாய்ஞ்சு விழுத்துவாங்கள். எழும்பித் திரும்ப ஓடவேணும். ஆறு தரம் விழுத்திப்போட்டால் பந்து மற்றப் பக்கத்துக்கு. கடைசிக் கோட்டுக்கு அங்காலை கொண்டுபோய் நிலத்திலை வைச்சால் நாலு புள்ளி. இவ்வளவுதான் விளையாட்டு. மிச்சமெல்லாம் எலும்பு மோதிற சத்தம்.

எங்கடை கழகம் மில்பரா ட்ரோவர்ஸ். ட்ரோவர்ஸ் எண்டால் மாடு சாய்ச்சுக்கொண்டு போற ஆக்கள். அந்த ஊர் முழுக்க மாடும் தூசியும்தான். விளையாடுறவங்கள் முழுநேர ஆக்கள் இல்லை. கிழமை நாளிலை இறைச்சி ஆலை, சுரங்கம், பள்ளிக்கூடம் எண்டு வேலைக்குப் போவாங்கள். சனிக்கிழமை விளையாடுவாங்கள். அதுக்கு ஒரு சின்னச் சம்பளம் உண்டு. ஊருக்கு அந்தச் சனிக்கிழமைதான் தேர்த்திருவிழா.

நானும் ஆலையிலைதான் வேலை. ஆனால் வவுனியா ஆஸ்பத்திரியிலை மருந்து குடுக்கிற பகுதியிலை கனகாலம் இருந்தனான். அது தெரிஞ்சு கழகத்திலை கூப்பிட்டவை. முதலுதவிப் பயிற்சி எடுத்து, சோதனை எழுதி, நீலச் சட்டை போட்டுக்கொண்டு, தண்ணிப் போத்தலும் மருந்துப் பையுமாய் மைதானத்துக்குள்ளை ஓடுறவன் நான்தான். பொடியள் என்னை 'டொக்' எண்டு கூப்பிடுவாங்கள். டொக்டர் எண்டதின்ரை சுருக்கம். நான் டொக்டர் எண்டு ஒருநாளும் சொன்னதில்லை. டொக்டரோ எண்டு ஆரும் கேட்டிருந்தால் இல்லை எண்டிருப்பன். ஒருத்தரும் கேக்கேல்லை.

இனி விசயத்துக்கு வாறன். தலையிலை அடிபட்டவனிட்டைக் கேக்கிறதுக்கு எண்டு ஐஞ்சு கேள்வி குடுத்திருக்கினம். இது என்ன மைதானம்? இப்ப முதல் பாதியோ ரெண்டாம் பாதியோ? கடைசியாய் ஆர் புள்ளி எடுத்தது? போன கிழமை ஆரோடை விளையாடினனீங்கள்? வெண்டதோ தோத்ததோ? ஒண்டு பிழைச்சாலும் ஆள் வெளியிலை. அண்டைக்குத் திரும்ப உள்ளை போகேலாது. நல்ல சட்டம்தான். ஆனால் பொடியள் அதைப் பாடமாக்கிப்போட்டாங்கள். கண் ரெண்டும் மேலை சொருகிக் கிடக்கும், வாய் மட்டும் வாய்ப்பாடு ஒப்புவிக்கிற மாதிரிப் பதில் சொல்லும். ஒருத்தன் நான் கேள்வி கேக்க முந்தியே ஐஞ்சுக்கும் சரியாப் பதில் சொல்லிப்போட்டு, என்ரை சப்பாத்திலை வாந்தி எடுத்தான்.

அதுக்குப் பிறகுதான் நான் ஆறாவது கேள்வியைக் கொண்டுவந்தனான். 'இண்டைக்குக் காலமை என்ன சாப்பிட்டனீ?'

சிரிக்காதேங்கோ. நல்லா யோசிச்சுப் பாருங்கோ. இதை முன்கூட்டிப் பாடமாக்கேலாது. ஒவ்வொரு கிழமையும் வேறை வேறை. ஒருத்தன் பதில் சொன்னால், அவனோடை ஒரே வீட்டிலை இருக்கிறவனைப் பாப்பன். அவன் தலையாட்டினால் சரி. பயிற்சியாளர் டேரல் முதல் சிரிச்சான். 'ஏன் டொக், மத்தியானம் என்ன சமைப்பம் எண்டும் கேளன்' எண்டான். பிறகு அவனே ஒத்துக்கொண்டான். 'டொக்கின்ரை கேள்வி' எண்டு பேரும் வைச்சாங்கள். முட்டையும் பாணும், உங்கடை பிரெட்டுத்தான், பாணும் முட்டையும். அந்த ஊரிலை வேறை பதில் வாறேல்லை.

எலியாஸ் தாவுனா எண்டு ஒரு பொடியன். பப்புவா நியூகினி. ஆலையிலை எனக்குப் பக்கத்து மேசையிலை எலும்பு பிரிக்கிற வேலை. அவன்ரை ஊரிலை இந்த விளையாட்டெண்டால் உயிர். நாலாம் நம்பர்ச் சட்டை. எங்கடை பக்கத்திலை அவன் நிக்கிற இடத்தாலை ஒருத்தனும் உள்ளை வரேலாது. அவ்வளவு பெரிய உடம்பு, ஆனால் கதைச்சால் பக்கத்திலை நிக்கிறவனுக்குக் கேக்காது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன்ரை தோளுக்கு நான்தான் பிளாஸ்டர் சுத்திக் கட்டுறனான். எனக்கு அவனிலை நல்ல விருப்பம். இதை முதலே சொல்லிப்போடவேணும். அவன்ரை நிறம், ஊர், இதொண்டும் எனக்குப் பிரச்சினை இல்லை. நாங்களும் கறுப்புத்தானே.

ஒருநாள் வீட்டை கூட்டிக்கொண்டு வந்து தேத்தண்ணி குடுத்தனான். ஒரே ஒருநாள். என்ரை மனிசி அவனிட்டைத் தேங்காயைப் பற்றிக் கேட்டாள். அவன்ரை ஊரிலையும் துருவிறதாம், பால் பிழியிறதாம். அதைப் பற்றி ரெண்டு பேரும் கனநேரம் கதைச்சவை. என்ரை மகள் நித்தி தாதிப் படிப்புப் படிக்கிறவள். வந்து தேத்தண்ணியை வைச்சாள், 'ஹலோ' எண்டாள், போயிட்டாள். வேறை ஒண்டும் நடக்கேல்லை. நான் அங்கைதானே இருந்தனான்.

அதுக்குப் பிறகு நித்திக்கு விளையாட்டிலை ஒரு அக்கறை வந்துது. 'அப்பா, நாலாம் நம்பரின்ரை தோள் எப்பிடி? வீக்கம் வத்திட்டுதோ? எந்தப் பக்கம் சரிஞ்சு படுக்கச் சொன்னீங்கள்?' எண்டு கேப்பாள். படிப்பிலை இவ்வளவு கவனம் எண்டு எனக்குச் சரியான சந்தோசம். மனிசியிட்டையும் சொன்னன். அவள் உள்ளிக்குத் தோல் உரிச்சுக்கொண்டிருந்தாள். 'ஓம், நல்லாப் படிக்கிறாள்' எண்டு சொன்னாள்.

அந்த வரியம் நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்திட்டம். எங்கடை மைதானத்திலை, கூல்டன் கழகத்தோடை. பிரிஸ்பேனிலை இருந்து ஒரு பெரிய கழகத்தின்ரை ஆளும் வந்தவர். எலியாஸைப் பாக்கத்தான் வந்தவர். அண்டைக்கு அவன் கடைசிவரை நிண்டு ஒழுங்கா விளையாடினால் பிரிஸ்பேனிலை ஒப்பந்தம். முழுநேர விளையாட்டுக்காரன் ஆயிடுவான். பிறகு ஆலை இல்லை, கத்தி இல்லை, குளிர் அறை இல்லை. வீசாவும் நீளும். இது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

நான் விடியமுன்னம் வெளிக்கிட்டன். தண்ணி நிரப்பவேணும், ஐஸ் உடைக்கவேணும், பிளாஸ்டர் வெட்டி வைக்கவேணும். மனிசி ரெண்டு துண்டு பாணிலை பட்டரைப் பூசிக் கையிலை தந்தாள். 'இண்டைக்கு ஒண்டும் அவிக்கேல்லையோ?' எண்டு கேட்டன். 'எனக்கும் அவளுக்கும் மட்டும் என்னத்துக்கு அடுப்பு மூட்டுவான்' எண்டாள். சரி, நியாயம்தானே எண்டு போனன்.

அப்பிடி ஒரு ஆட்டத்தை நீங்கள் பாத்திருக்கமாட்டீங்கள் தம்பி. ஒரு பக்கமும் விட்டுக்குடுக்கேல்லை. நான் உள்ளை ஓடுறதும் வெளியிலை ஓடுறதுமாய் நிண்டன். ஒருத்தனுக்கு மூக்கு, ஒருத்தனுக்கு விரல். ரெண்டாம் பாதி முடியக் கொஞ்ச நேரம் இருக்கேக்கை நாங்கள் ரெண்டே ரெண்டு புள்ளி முன்னுக்கு. கூல்டன்காரர் திரும்பத் திரும்ப எலியாஸ் நிக்கிற பக்கம் அடிச்சுக்கொண்டு வாறாங்கள். அவனைக் களைக்கப் பண்ணினால் வழி கிடைக்கும் எண்டு அவங்கடை யோசினை. அவன் விழுத்துறான், எழும்புறான், விழுத்துறான், எழும்புறான். சனம் அவன்ரை பேரைச் சொல்லிக் கத்துது.

அப்பதான் அவங்கடை தடியன் ஒருத்தன் முழு வேகத்திலை வந்தான். எலியாஸ் குனிஞ்சு பிடிச்சான். தலை அந்தத் தடியன்ரை இடுப்பிலை போய் அடிச்சுது. எனக்குச் சத்தம் கேட்டுது. தடியன் விழுந்தான். எலியாஸும் விழுந்தான். தடியன் எழும்பினான். எலியாஸ் எழும்பேல்லை.

எங்கடை ஆக்கள் இருக்கிற வாங்குக்கு நேர முன்னுக்கு, கோட்டுக்குக் கிட்ட. நான் ஓடினன். நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிப்பாட்டினார். நான் முழங்காலிலை இருந்து அவன்ரை கழுத்தைப் பிடிச்சுக்கொண்டு, 'எலியாஸ், எலியாஸ்' எண்டு கூப்பிட்டன். கண்ணைத் திறந்தான். என்னைப் பாத்தான்.

'டொக்' எண்டான்.

'அசையாதை. இது என்ன மைதானம்?'

'மில்பரா.'

'எந்தப் பாதி?'

'ரெண்டாவது.'

'கடைசியாய் ஆர் புள்ளி எடுத்தது?'

'கூல்டன். எட்டாம் நம்பர். நான்தான் விட்டனான்.'

நாலாவதும் சரி. ஐஞ்சாவதும் சரி. கோட்டுக்கு அங்காலை டேரல் குந்திக்கொண்டு, 'நல்லாத்தான் இருக்கிறான் டொக், எழுப்பு, எழுப்பு' எண்டு கத்துறான். எலியாஸோடை ஒரே வீட்டிலை இருக்கிற கோரா எண்ட பொடியன் பக்கத்திலை வந்து நிக்கிறான். நடுவர் மணிக்கூட்டைப் பாக்கிறார். அவன் உள்ளை நிக்கிறதோ வெளியிலை வாறதோ எண்டது இப்ப என்ரை வாயிலைதான் கிடக்கு.

நான் ஆறாவதைக் கேட்டன். 'காலமை என்ன சாப்பிட்டனீ?'

அவன் யோசிக்கவே இல்லை. 'புட்டு' எண்டான்.

புட்டு! அந்த மைதானத்திலை, அவ்வளவு சனத்துக்கு நடுவிலை. எங்கடை வீட்டிலை சொல்லுற மாதிரியே சொன்னான். எனக்குப் பிழையாக் கேட்டிருக்கும் எண்டு திரும்பக் கேட்டன். சின்னப்பிள்ளை கதை சொல்லுற மாதிரிச் சொல்லிக்கொண்டு போறான். 'புட்டு. சுடச்சுட. கத்தரிக்காய் பொரிச்சு வைச்ச குழம்பு. அன்ரி எனக்குத் தேங்காய்ப்பூ கூட உள்ள பக்கத்தை எடுத்துத் தந்தவ. எங்கடை அம்மா தாற மாதிரி.' சொல்லிப்போட்டுச் சிரிக்கிறான். கண் நேர என்னைப் பாக்குது.

சுடச்சுட எண்டால் அண்டைக்குக் காலமை அவிச்சது. நான் வெளிக்கிட்ட பிறகு அவிச்சது. நான் பாணைத் திண்டுகொண்டு ஐஸ் உடைச்ச நேரம்.

'என்னவாம் அவன்?' டேரல் கேட்டான். 'என்ன சாமான் அது? சாப்பாடோ?'

'எங்கடை வீட்டிலை அப்பிடி ஒண்டும் இல்லை' எண்டு கோரா சொன்னான். 'இவன் விடிய ஓடப் போறன் எண்டு வெளிக்கிட்டவன். நேர இஞ்சைதான் வந்தவன்.'

'டொக்! அப்பிடி ஒரு சாப்பாடு இருக்கோ இல்லையோ? கெதியாச் சொல்லு!'

நான் நிமிந்து பாத்தன். வேலிக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு என்ரை மகள் நிக்கிறாள். அவள் விளையாட்டுப் பாக்க வாற பிள்ளை இல்லை. அண்டைக்கு வந்திருந்தாள். முகத்திலை ரத்தம் இல்லை. அவள் என்னைப் பாக்கேல்லை. நிலத்திலை கிடக்கிறவனைத்தான் பாத்துக்கொண்டு நிண்டாள்.

உங்கடை பக்கமும் புட்டு இருக்குத்தானே தம்பி? எங்களுக்கு அது இல்லாமல் ஒரு வீடு இல்லை. நான் அதைத் திண்டு வளந்தவன். என்ரை கலியாணத்துக்கு அடுத்த நாள் காலமை மனிசி முதன்முதல் அவிச்சுத் தந்தது அதுதான்.

நான் எழும்பி நிண்டு சொன்னன். 'இல்லை. அப்பிடி ஒரு சாப்பாடு உலகத்திலை இல்லை. ஆளுக்குத் தலை குழம்பிப்போச்சு. வெளியிலை எடுங்கோ.'

ஏன் அப்பிடிச் சொன்னன் எண்டு உங்கடை முகம் கேக்குது. சொல்லுறன், பொறுமையாக் கேளுங்கோ. இது வைத்தியம். தலை சுகமா இருக்கிற ஒருத்தன் அந்தக் கதையைச் சொல்லுவானோ? என்ரை முகத்தைப் பாத்து, நீ இல்லாத நேரம் உன்ரை வீட்டிலை இருந்து சாப்பிட்டனான் எண்டு சொல்லுவானோ? சுகமான மூளை எண்டால் பாணும் முட்டையும் எண்டிருக்கும். அவன் உண்மையைச் சொன்னான் பாருங்கோ, அதுதான் குழப்பத்தின்ரை அடையாளம். நான் அவன்ரை தலையைத்தான் யோசிச்சன். வேறை ஒண்டையும் யோசிக்கேல்லை. யோசிக்க நேரமும் இல்லை.

எலியாஸ் சண்டை பிடிக்கேல்லை. என்னை ஒருக்காப் பாத்தான். சிரிப்பு நிண்டிட்டுது. என்ன சொல்லிப்போட்டன் எண்டு அப்பதான் விளங்கின ஆள் மாதிரி. மெல்ல எழும்பி, என்ரை கையைப் பிடிக்காமல், தானாய் நடந்து வெளியிலை போனான். நேராத்தான் நடந்தான். நேரா நடக்கிறதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது.

டேரல் தண்ணிப் போத்தல் பெட்டியைக் காலாலை உதைச்சான். 'அவன் உன்ரை பேரைச் சொன்னவன், மைதானத்தைச் சொன்னவன், விட்ட புள்ளியையும் சொன்னவன்! சோத்துக் கேள்வி ஒண்டுக்காக விளையாட்டைக் குடுக்கிறியோ, விசரா!' எண்டு கத்தினான். வேலிப் பக்கமிருந்து 'அப்பா' எண்டு ஒரு குரல் கேட்டுது. நான் திரும்பேல்லை. கடமையிலை நிக்கிறவன் வேடிக்கை பாக்கக்கூடாது.

அதுக்குப் பிறகு கூல்டன்காரர் அவன் நிண்ட பக்கத்தாலைதான் வந்தவங்கள். முதல் தரம் பிடிச்சம். ரெண்டாம் தரம் பிடிச்சம். மூண்டாம் தரம் அவங்களிலை ஒருத்தன் கதவு திறந்து விட்ட மாதிரி உள்ளை போய்ப் பந்தை வைச்சான். அதோடை முடிஞ்சுது, நாங்கள் தோத்தம். பிரிஸ்பேன் ஆள் விசில் ஊத முந்தியே தன்ரை காரடிக்குப் போயிட்டார்.

வீட்டை வந்தன். குசினியிலை புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி கழுவிக் கவிட்டுக் கிடந்தது. மனிசி என்னைப் பாத்தாள், நான் நீத்துப்பெட்டியைப் பாத்தன். நான் ஒண்டும் கேக்கேல்லை. கேட்டால் பதில் சொல்லுவாள், அவள் அப்பிடி ஒரு ஆள். நித்தி அறைக் கதவைச் சாத்திப்போட்டு இருந்தாள். ஆஸ்பத்திரியிலை எலியாஸின்ரை தலையைப் படம் எடுத்துப் பாத்தவை, ஒண்டும் இல்லையாம். குழப்பம் படத்திலை தெரியாது தம்பி. அதுவும் எழுதி வைச்சிருக்கினம்.

அத்தோடை விட்டாங்களோ? இல்லை. டேரல் அந்தச் சொல்லைப் போனிலை போட்டுத் தேடியிருக்கிறான். படத்தோடை வந்திருக்குது. வெள்ளை வெளேரெண்டு, பக்கத்திலை சம்பலும் வைச்சு. அடுத்த கிழமை கழகத்திலை கூட்டம். தலைவி மார்கரெட் எண்டு ஒரு மனிசி, நேர்மையான ஆள். என்னையும் எலியாஸையும் கூப்பிட்டு முன்னுக்கு இருத்தினா. டேரல் போனை மேசையிலை தள்ளிவிட்டான்.

'உலகத்திலை இல்லாத சாப்பாடு' எண்டான். 'உங்கடை நாட்டுச் சாப்பாடாம் டொக். உனக்குத் தெரியாமல் போட்டுதோ?'

'எங்கடை பக்கம் வேறை பேர்' எண்டு சொன்னன். வாய்க்கு வந்ததைச் சொன்னன்.

மார்கரெட் கையைக் காட்டி எல்லாரையும் அடக்கினா. எலியாஸைப் பாத்துக் கதைச்சா. 'நான் பிரிஸ்பேனோடை கதைச்சனான். உன்னைப் பிழையா வெளியிலை எடுத்தது எண்டால், அவை திரும்ப ஒருக்காப் பாக்க ஆயத்தம். தலையிலை உண்மையிலேயே அடி எண்டால், இப்போதைக்கு வேண்டாமாம். அதனாலை வடிவா யோசிச்சுச் சொல்லு. அண்டைக்குக் காலமை நீ இதைச் சாப்பிட்டனீயோ?'

கூடம் முழுக்கச் சனம். ஓம் எண்டு சொன்னால் அடுத்த கேள்வி, எங்கை சாப்பிட்டனீ எண்டுதானே வரும்? அதுக்கு அடுத்த கேள்வி, ஆர் தந்தது? பிறகு அந்த ஊரிலை நான் எப்பிடித் தலை நிமிந்து நடக்கிறது? இது உங்களுக்கு விளங்கும். வெள்ளைக்காரருக்கு விளங்காது.

எலியாஸ் எழும்பி நிண்டான். பிறகு என்னைப் பாத்தான்.

'இல்லை' எண்டான். 'நான் ஒண்டும் சாப்பிடேல்லை. என்ன சொன்னன் எண்டும் ஞாபகம் இல்லை.'

டேரல் பாய்ஞ்சு எழும்பினான். 'பொய்! தெரியாத சாப்பாட்டின்ரை பேர் எங்காலை உன்ரை வாயிலை வந்துது? எதைத் தூக்கி எறியிறாய் எண்டு உனக்கு விளங்குதோ, மடையா?'

'ஆலையிலை டொக் ஆரோடையோ கதைக்கேக்கை கேட்டிருப்பன்' எண்டு எலியாஸ் சொன்னான். 'எனக்குத் தலை குழம்பித்தான் இருந்தது. டொக் சரியாத்தான் செய்தவர்.'

மார்கரெட் திரும்பவும் கேட்டா. அவன் திரும்பவும் அதையேதான் சொன்னான். அந்த மனிசி கண்ணாடியைக் கழட்டி மேசையிலை வைச்சுப்போட்டு, அவனை விட்டிட்டு என்னையே பாத்துக்கொண்டிருந்தா. ஏனோ தெரியேல்லை.

பாத்தீங்களோ தம்பி? அடிபட்டவனே சொல்லிப்போட்டான். நான் சொல்லிக் குடுக்கேல்லை, கேக்கவும் இல்லை. இதுக்கு மேலை என்ன சாட்சி வேணும்? கூட்டம் முடிஞ்சு கார் விடுற இடத்திலை நான் அவனிட்டைப் போனன். 'உள்ளதை உள்ளபடி சொன்னதுக்கு நன்றி' எண்டன். 'பரவாயில்லை டொக்' எண்டான் அவன். தோளுக்கு ஐஸ் வைக்கச் சொன்னன். சரி எண்டான். நல்ல மரியாதை தெரிஞ்ச பொடியன்.

ஆனால் ஊர் நம்பேல்லை. பிரிஸ்பேன் இல்லை எண்டு வந்தவுடனை, முழுப் பழியும் எனக்கு. என்ரை நீலச் சட்டையை வேறை ஒருத்தனுக்குக் குடுத்திட்டாங்கள். எலியாஸும் மில்பராவை விட்டிட்டு போர்ட் ஹேலன் போயிட்டான். அங்கை ஒரு சின்னக் கழகம், சீனி ஆலையிலை வேலை. நித்திக்கும் படிப்பு முடிய அங்கை ஆஸ்பத்திரியிலை வேலை கிடைச்சுது. வேறை நல்ல நல்ல இடமெல்லாம் கிடைச்சது. அவள் அதைத்தான் எடுத்தாள். கடல் பக்கம், காத்து நல்லது எண்டு நினைச்சிருப்பாள். வெளிக்கிடேக்கை என்னோடை கதைக்கேல்லை. மனிசி பஸ்சடிவரை போய் வழியனுப்பினவள்.

நானோ? நான் ஒரு அலுவலாய்ப் போறன். சனிக்கிழமையிலை போறனான். எல்லாச் சனிக்கிழமையும் இல்லை... சரி, எல்லாச் சனிக்கிழமையும்தான். அங்கை முதலுதவிக்கு நிக்கிறவன் மீசை முளைக்காத ஒரு பொடியன். ஐஞ்சு கேள்வியையும் கடதாசியைப் பாத்துத்தான் வாசிப்பான். ஒருக்காக் குழம்பின தலை திரும்பவும் குழம்பும். அதை விளங்கின ஒருத்தன் பக்கத்திலை நிக்கவேணும். நான் வேலியடியிலை, பின்னுக்கு, தொப்பியைப் போட்டுக்கொண்டு நிப்பன். நித்தி மற்றப் பக்கத்திலை நிப்பாள். அவள் என்னைக் காணேல்லை எண்டுதான் நினைக்கிறன்.

ஆனால் போன கிழமை ஒரு வேலை நடந்து போச்சு.

அவன் விழுந்தான். அதே மாதிரி, குனிஞ்சு பிடிக்கேக்கை. எழும்பேல்லை. அந்தப் பொடியன் மருந்துப் பையைத் திறக்கேலாமல் கோட்டடியிலை நிண்டு இழுத்துக்கொண்டிருக்கிறான். எனக்குக் கால் தன்பாட்டிலை ஓடிச்சுது தம்பி. இந்த வயசிலை அந்த வேலியை எப்பிடித் தாண்டினன் எண்டு தெரியாது. இஞ்சை பாருங்கோ, கம்பி கீறின இடம். நான் போய்க் கழுத்தைப் பிடிச்சிட்டன். கண்ணைத் திறந்தான். 'டொக்' எண்டான். எல்லாத்தையும் கேட்டன், எல்லாம் சரியாச் சொன்னான். வலிச்சது தோள்தான், தலை இல்லை.

அதுக்குள்ளை நடுவர் ஓடி வந்து என்ரை தோளைப் பிடிச்சு இழுக்கிறார். 'ஆர் நீங்கள்? வெளியாக்கள் உள்ளை வரேலாது. நீங்கள் இவனுக்கு ஆர்?' எண்டு கத்துறார். மற்றப் பக்கத்தாலை நித்தியும் ஓடி வந்து, என்னைக் கண்டு அப்பிடியே நிண்டிட்டாள். நான் அவன்ரை கழுத்தை விடேலாது. விட்டிட்டு எழும்பி எல்லாத்தையும் விளங்கப்படுத்திக்கொண்டு நிக்கேலாது.

'குடும்பம்' எண்டு சொல்லிப்போட்டன்.

நடுவர் கையை எடுத்திட்டார்.

பொய்தான் தம்பி. ஆனால் அந்த நேரத்திலை வேறை என்னத்தைச் சொல்லி அவனுக்குப் பக்கத்திலை இருக்கிறது? நீங்களே சொல்லுங்கோ.